'ஆனா' வெர்லா நின்ற மூலை

லிண்டன் ஃபால்ஸில் வெர்லா கோல்ஸ்டாட்டை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே வெர்லா, முதுகுக்குப் பின்னால் 'ஆனா' வெர்லா. அது அவளுக்கும் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு ஊரில் தெரியாத சேதி உண்டா என்ன?

பெயர் வந்த காரணம் இதுதான். நான்கு வருடத்துக்கு ஒரு முறை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பனி கொட்டுகிற நேரம் பார்த்து, ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற அத்தனை பேரும் எங்கள் பக்கம் வந்து கை குலுக்குவார்கள். கட்சி யாரை நிறுத்துவது என்று முதலில் சொல்கிற மாநிலம் எங்களுடையதுதான். அதனால் மற்ற நாளில் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எங்கள் பன்றிப் பண்ணைக்குள் பளபளக்கும் ஷூவோடு இறங்குவார்கள். வெர்லா ஒருவரையும் விடமாட்டாள். அப்பா என்ன வேலை பார்த்தார், கஷ்டம் வந்தபோது யார் பக்கம் நின்றார், அன்றைக்கு என்ன சொன்னார், இன்றைக்கு என்ன சொல்கிறார் என்று எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்வாள். பிறகு தீவனக் கடையில் யாராவது வாயைக் கிளறினால் போதும்.

"கவர்னர் கால்வின் பால் விலைக்காக நிஜமாவே சண்டை போட்டவரு. ஆனா பணக்கார வீட்டுப் பிள்ளை, மாட்டு மடியைத் தொட்டிருக்க மாட்டாரு. செனட்டர் அம்மா கெட்டிக்காரி. ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாங்க, கேக்காததுக்குச் சொல்வாங்க."

"அப்ப யாருக்குத்தான் நிக்கணும்கிற?" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார்.

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் இந்த முறை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். ஆம்ஸ்பரி என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், பேருந்து மெக்கானிக்கின் மகன். உறைபனியில் பேருந்துக் கொட்டகைக்கு வந்தார், கேட்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாடாளுமன்றத்தில் போருக்கு ஆதரவாக ஏன் ஓட்டுப் போட்டீர்கள் என்று வெர்லா கேட்டாள். அந்த மனிதர் சுற்றி வளைக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன். என்னை நம்பினவங்க முகத்தைப் பாத்துச் சொல்லக் கூசுது" என்றார். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தவள் இப்படி ஒரு பதிலைக் கேட்டதேயில்லை. மறுநாளே அவருக்காக ஊரில் ஆள் சேர்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

இதில் ஒரு மனக்குறையும் இருந்தது. ஓட்டுப் போடும் வயசு வந்த காலத்திலிருந்து வெர்லா எந்த மூலையில் நின்றாலும் அந்த மூலை கலைந்துவிடும். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஓட்டுச்சீட்டு கிடையாது. ஊரார் பார்க்க, அவரவர் ஆளுக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். குறித்த அளவுக்கு ஆள் சேரவில்லையென்றால் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்து மூலைக்காரர்கள் கேக் தட்டை நீட்டி, "வா வெர்லா, எங்ககிட்ட வந்துடு" என்று இழுப்பார்கள். அந்தக் கேக் அவளுக்கு ஒருநாளும் இனித்ததில்லை. ஒரே ஒரு தடவை, தன் மூலை நிலைத்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

கூட்டத்துக்கு அவளும் கணவர் நார்பர்ட்டும் ஒரே வண்டியில்தான் போவார்கள், எதிரெதிர் மூலையில்தான் நிற்பார்கள். நார்பர்ட் பால் மாடு வைத்திருப்பவர், கவர்னரின் ஆள். திரும்பும்போது தானியக் கிடங்கு வளைவு வரும்வரை இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதற்குள் கோபம் ஆறிவிடும்.

இந்த முறை, கூட்டத்தன்று மாலை பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் வெர்லாவின் மூலையில் தேவையான அளவுக்கு ஆள் சரியாகச் சேர்ந்துவிட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணுவதற்குச் சற்று முன்னால், அவள் மூலையில் நின்ற லோயல் பாஸ்கம் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வெர்லா, எம் மவன் பட்டாளத்துல இருக்கான்னு உனக்குத் தெரியும். போர் விஷயத்துல அந்தச் செனட்டர் அம்மா என்ன சொன்னாங்க?"

வேறு யாராக இருந்தாலும், "இப்ப எதுக்கு அது, கேக் எடுத்துக்க" என்று மழுப்பியிருப்பார்கள். வெர்லாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அவங்க முதல் நாள்லேருந்தே வேண்டாம்னாங்க, லோயல். கட்சியே திட்டுச்சு, அப்பவும் மாத்திக்கல. நம்மாளு ஆமான்னு ஓட்டுப் போட்டுட்டு, மூணு வருஷம் கழிச்சுத்தான் தப்புன்னு ஒத்துக்கிட்டாரு."

லோயல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காத" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுச் செனட்டரின் மூலைக்கு நடந்துவிட்டார்.

"நீ எந்த மூலைக்கு ஆள் சேக்கற, புண்ணியவதி?" என்று பக்கத்தில் நின்ற மார்சீன் தலையில் அடித்துக்கொண்டாள். "வந்தவனையும் கைப்பிடிச்சு அங்க கொண்டு விட்டுட்டியே!"

"கேட்டான், சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?"

எண்ணினார்கள். ஒரே ஒரு ஆள் குறைந்தது. இடம் மாற விரும்புகிறவர்கள் மாறலாம் என்று கூட்டத் தலைவர் அறிவித்ததுதான் தாமதம், நாலா பக்கமும் கேக் தட்டுகள் கிளம்பின. வெர்லா அவற்றைத் தள்ளிக்கொண்டு நேரே கவர்னரின் மூலைக்குப் போய், நார்பர்ட் முன்னால் நின்றாள்.

"இங்க ஆள் நிறையவே இருக்கு. நீ வந்துடு" என்றாள்.

"ஏன் வரணும்? உன் ஆளு பாலைப் பத்தி என்ன சொல்றாரு?"

"உங்க கவர்னர் அளவுக்கு இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நார்பர்ட் சிரிக்கவில்லை.

"இத்தனை வருஷமா எல்லாரைப் பத்தியும் நல்லதும் கெட்டதும் சொல்லிட்ட. அதையெல்லாம் நான் கேட்டாச்சு. உனக்கு என்ன வேணும்? அதை ஒருநாளும் சொன்னதில்லையே."

வெர்லாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது, அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"எனக்கு அந்த மனுஷன் வேணும், நார்ப்" என்றாள்.

நார்பர்ட் காத்திருந்தார். கூடமே காத்திருந்தது. பின்னால் 'ஆனா' வரவேயில்லை.

அவர் நாற்காலியிலிருந்து மேல்கோட்டை எடுத்துக்கொண்டார்.

"ஏய், பொண்டாட்டி பின்னாடியே போறியா?" என்று கவர்னரின் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாளைக்குக் காலையில காபி உன் வீட்டுலயா குடிக்கப் போறேன்?" என்றபடி நார்பர்ட் கூடத்தைக் கடந்து நடந்தார்.

மறுபடி எண்ணினார்கள். ஆம்ஸ்பரியின் மூலை நிலைத்தது. வெர்லா முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். லோயல் எதிர் மூலையிலிருந்து கை தட்டினார். அன்று தானியக் கிடங்கு வளைவு வருவதற்கு வெகு முன்பே வண்டிக்குள் பேச்சும் சிரிப்பும் தொடங்கிவிட்டன.

மறுநாள் காலை, பேருந்தைக் கிளப்பும்போதே வானொலி சொல்லிவிட்டது. மாநிலம் முழுக்க ஆம்ஸ்பரிக்குக் கிடைத்தது சொற்பம், போட்டியிலிருந்து விலகிவிட்டார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நார்பர்ட் காபியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு ஒரு கோப்பை ஊற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாட்டுக்காரன் ஒருத்தனை ஒரு ராத்திரிக்கு மூலை மாற வச்சிட்ட" என்றார். "எனக்கு வருத்தமில்ல. உனக்கு இருக்கா?"

"இல்ல" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"சரி, மிச்சம் இருக்கிறவங்களைப் பத்திச் சொல்லு. மொதல்லேருந்து."

வெர்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோப்பையை எடுத்தாள்.

"செனட்டர் அம்மாவோட அப்பா தபால்காரரு. நல்ல மனுஷன்" என்று தொடங்கினாள். "ஆனா..."

நார்பர்ட் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.