போர்க்களத்திலிருந்து வந்த பனியன்

இரண்டாயிரங்களின் நடுவில் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். முதலாளி சொல்வதை அவர்களுக்கு மரியாதையான ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவதில்தான் உயிர் போகும்.

ஒரு கோடையில் இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபதை நெருங்கும் வயது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது பல தேசத்து ஆட்கள் தாங்களாகவே கிளம்பிப்போய்ச் சண்டை போட்டார்களாம். அவருடைய அப்பாவும் அப்படிப் போய், ஓர் ஆற்றங்கரைச் சண்டையில் செத்துப்போனவர். அப்போது இந்த அம்மா தாய் வயிற்றில் இருந்தார். அந்த வீரர்களின் வாரிசுகள் எல்லோரும் அதே ஆற்றங்கரையில் கூடி, அந்தக் காலத்துப் பனியனைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார்கள். அதற்குத்தான் ஆர்டர்.

முதலாளி காபியை ஆற்றியபடி கதையைக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, சம்பளம் நல்லாக் குடுத்தாங்களாமா?"

"சம்பளத்துக்குப் போகலீங்க. நியாயத்துக்குப் போனாங்களாமா."

"பங்காளிச் சண்டைல பக்கத்தூட்டுக்காரன் பூந்தா, ரெண்டு பேரும் சேந்து அவனத்தானுங்க சாத்துவாங்க. இதுகூடத் தெரியாமயா கப்பலேறுனாங்க?"

உங்கள் தந்தையின் தியாகத்தை எங்கள் முதலாளி வணங்குகிறார் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. முதலாளிக்கும் தன் பேச்சில் திருப்தி.

முதலாளி போனபின் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு துணிப் பொதியை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய அப்பா சாகும்போது போட்டிருந்த பனியன். பழுத்த வெள்ளை. இடது மார்பில் ஓர் ஓட்டை, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறிய கறை. அப்பாவென்று தன்னிடம் இருப்பது இது ஒன்றுதான், அளவெடுத்துவிட்டுப் பத்திரமாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அளவெடுத்தார். ஃபைலுக்காக நான் ஒரு போட்டோ எடுத்தேன். பனியனை சாம்பிள் மேஜையில் விரித்து வைத்துவிட்டு, அந்த அம்மாவைச் சாப்பிட அழைத்துப் போனேன்.

வெளிநாட்டுக்காரர் ஃபேக்டரிக்கு வருகிறார் என்றால் எங்கள் முதலாளி ஒரு ரவுண்டு போவார். நிட்டிங் மெஷினிலும் தையலிலும் துணியில் எண்ணெய்க் கறை படுவது சகஜம். ஆனால் வந்தவர் கண்ணில் கறை பட்ட பீஸ் ஒன்றுகூடப் படக்கூடாது. அன்றும் போனார். சாம்பிள் மேஜையில், பொதிக்குள் இருந்ததை அதுவரை பார்த்தேயிராத முதலாளி, கறையும் ஓட்டையுமாக ஒரு பனியனைக் கண்டார். இரண்டு விரலால் தூக்கி செக்கிங் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

செக்கிங்கில் கறை எடுப்பவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அக்கா ஒருவர். கறை என்றால் அவருக்கு ஜென்மப் பகை. நாங்கள் திரும்பி வருவதற்குள் பனியன் தும்பைப் பூவாக இருந்தது. ஓட்டை இருந்த இடமே தெரியாமல் கோத்து, இஸ்திரி போட்டு, பாலிதீன் கவரில் மடித்து, பாஸ் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. நல்லவேளை, அந்த அம்மாவை ஆபீஸ் அறையிலேயே உட்கார வைத்திருந்தேன்.

அது யாருடைய பனியன் என்று முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உண்மையச் சொல்லிரலாமுங்க" என்றேன்.

"சொன்னா ஆர்டர் போயிருமுங்க. டையிங் மாஸ்டரக் கூப்புடுங்க."

திருப்பூரில் எந்த நிறமானாலும் முதலில் சிறு துண்டில் சாயம் ஏற்றி, ஏ, பி, சி என்று மூன்று ஷேடு காட்டி, ஒப்புதல் வாங்கித்தான் சாயம் போடுவார்கள். ஒரு மனிதனின் ரத்தத்துக்கும் அதுவே நடந்தது. என் போட்டோவைப் பார்த்து டையிங் மாஸ்டர் மூன்று துண்டுகளோடு வந்தார். முதலாளி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏ கொஞ்சம் டார்க்குங்க. பி போட்டுருங்க." கோத்த நூலைப் பிரித்து ஓட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுவரை அந்த அம்மாவுக்கு நான் இளநீர், மறுபடி காபி, நிட்டிங் பிரிவு என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

கடைசியில் செக்கிங் மேஜையருகே வைத்துப் பனியனை அவரிடம் கொடுத்தோம். விரித்துப் பார்த்தார். கறை அதே இடத்தில், அதே அகலத்தில் இருந்தது. முதலாளி மூச்சு விட்டார். அந்த அம்மா பனியனை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"இதை யார் துவைத்தது?" என்றார்.

இல்லையென்று சொல்லும்படி முதலாளி கண்ணைக் காட்டினார். நான் சொல்லவில்லை. என்ன கேட்கிறார் என்று அந்த அக்காவுக்கே தமிழில் சொன்னேன். நடந்தது தப்பு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சந்தோஷமாக முன்னால் வந்தார்.

"நாந்தான்மா. லேசுல போவல பாத்துக்கிடுங்க. நான் விடுவனா?"

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா அவர்மேல் கோபப்படவில்லை. மெதுவாகப் பேசினார். தன் அம்மா சாகும்வரை இதில் தண்ணீர் பட விட்டதில்லையாம். அப்பாவை இவர் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. "எனக்குத் தெரிந்தது அவருடைய வாசனை மட்டும்தான்" என்றார். நான் தமிழில் சொல்லி முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி என் முழங்கையை இடித்தார்.

"அழுவறதெல்லாம் இருக்கட்டுமுங்க தம்பி. ஷேடு ஓகேங்களான்னு கேளுங்க."