சந்தனம் பூசிய அளவு நாடா

ஆயுத பூஜை அன்று காலை எங்கள் மைசூர் அலுவலகத்தில் கேமரா, அளவு நாடா, முக்காலி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பலகைமேல் உட்கார்ந்திருந்தன. பழைய கட்டடங்களை இடிபடும் முன் அளந்து வரைந்து வைப்பது எங்கள் பிழைப்பு. சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையிலிருந்து தெரிந்த மீனவர் போனில் கூப்பிட்டார். உலகப்போரின்போது ஜப்பான்காரன் கரையிறங்கினால் சுடுவதற்காகக் கட்டிய கான்கிரீட் அறையை மறுநாள் இடிக்கிறார்களாம். நாங்கள் இன்னும் அளக்காத அறை.

மேலதிகாரியிடம் ஓடினேன். பொரியை மென்றுகொண்டே, தனக்கு முன்பே தெரியும் என்றார். தசரா நேரத்தில் எதற்கு என்று சொல்லாமல் விட்டாராம். எனக்குக் காது கொதித்தது.

"சும்னே டென்ஷன் ஆகாதீங்க," என்றார் கன்னடம் கலந்து. "பூஜையில வெச்சதை நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது."

"நாளைக்கு எதைத் தொடறது சார், ஜல்லியையா?"

அத்தனையையும் வாரிக்கொண்டு, மாலை போட்ட முக்காலியோடு மதிய ரயிலில் ஏறினேன். எதிர் சீட்டு அம்மாள் எந்தக் கோயில் உற்சவம் என்று விசாரித்தார். பையைத் திறந்தால், படத்தில் அளவு தெரிவதற்காக வைக்கும் சிவப்பு வெள்ளை அளவுகோல் இல்லை. பதற்றத்தில் ஊதுவத்தி ஸ்டாண்டை அள்ளிப் போட்டிருந்தேன். தலை நரைத்த நிபுணர் நான்!

விடிந்ததும் கடற்கரைக்குப் போனால், ஜப்பான்காரனுக்குப் பதிலாக வாழைக்கன்று கட்டிய பொக்லைன் நின்றது. டிரைவர் அதன் நிழலில் சாய்ந்திருந்தார்.

"பூஜை போட்ட வண்டி சார். நல்ல நேரம் வராம சாவி போட மாட்டேன்."

முந்தின நாள் மேலதிகாரியிடம் நான் கிண்டலடித்த அதே வழக்கம். வெட்கப்பட நேரமில்லை. லென்ஸிலிருந்த குங்குமத்தைச் சட்டையில் துடைத்தேன். துப்பாக்கி நீட்டும் துளை, உப்பில் வீங்கிய கம்பி, கான்கிரீட்டில் பதிந்த பலகை ரேகை என்று ஒவ்வொன்றாக அளந்தேன். நாடாவின் மறுமுனையை டிரைவரே பிடித்தார். கூரையின் கனம் மட்டும் பாக்கி இருக்கும்போது நல்ல நேரம் வந்துவிட்டது. முதல் அடியில் விழுந்த துண்டில்தான் அதை அளந்தேன்.

மேலதிகாரி போன் செய்தார். எல்லாம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, வீணா பதறினீங்க" என்றார்.

"படம் கிடைச்சுது சார். கட்டடம் போயிடுச்சு."

அறிக்கையில் பூஜை விஷயம் வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டேன். பொக்லைன் அடுத்த அடிக்கு ஓங்கும் முன் அவசர அவசரமாகத்தான் கூரையின் கனத்தைக் குறித்திருந்தேன். அந்த எண் கோழி கிளறியதுபோல இருக்கிறது. திருத்தி எழுதச் சொல்லி அவர் இன்னும் கேட்கிறார். மாட்டேன்.