சீமாட்டியின் காலி வாளி

அக்கா புருஷனுக்குக் குதிரை லாயத்தில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே பழியாகக் கிடக்கிறார். "கட்டினவ சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டதுண்டா?" என்று அக்கா இடித்துக் காட்டுவாள். அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் கவலையெல்லாம் சீமாட்டி சாப்பிட்டாளா என்பதுதான். சீமாட்டி இருபத்தொன்பது வயதுக் கிழட்டுக் குதிரை.

கடைவாய்ப் பற்கள் தேய்ந்து போனதால் காய்ந்த புல்லை மென்று மென்று பார்த்துவிட்டு ஈர உருண்டையாகத் துப்பிவிடுவாள். அதனால் அத்தான் தீவனத்தை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கட்டியில்லாமல் கையால் பிசைந்து, தினமும் நாலு வேளை கூழாக வைப்பார். வைத்ததும் வெளியே வந்துவிடுவார். பல் போனவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாதாம், கூச்சப்படுவார்களாம். குதிரைக்கு என்ன கூச்சம் என்று நான் சிரித்தேன். அரை மணியில் வாளி துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

"பாத்தியா மாப்ளே, ஒரு துளி மிச்சமில்ல" என்று பூரித்துப் போவார்.

அந்தக் குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து அவள் கொழுகொழுவென்றுதான் தெரிந்தாள். வருஷத்துக்கொரு முறை பல் பார்க்க வரும் டாக்டரம்மா ரோமத்துக்குள் கையை விட்டார். பிறகு அத்தானின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

"முடி இருக்கும்போது கண்ண நம்பக்கூடாது. வாராவாரம் தடவிப் பாத்திருக்கணும்."

"வாளி காலியாகுதேம்மா" என்றார் அத்தான்.

அன்றைக்கு நானும் அத்தானும் மறைந்து நின்று பார்த்தோம். சீமாட்டி நாலு வாய் தின்றுவிட்டுக் களைத்துத் தலையைத் தூக்கினாள். பக்கத்துக் கொட்டடிக் குதிரை கழுத்தை நீட்டி மிச்சத்தை ஒரே மூச்சில் வழித்தது. நடுவிலிருந்த பலகையைக் கழற்றியவர் அத்தானேதான், அவளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே என்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது?

அத்தான் பலகையைத் திரும்ப வைத்து ஆணி அடித்தார். ஆடிய இரண்டு பற்களை டாக்டரம்மா பிடுங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தான் கூடவே உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒன்றரை மாதம் ஆகியும் எலும்பு கையில் தட்டியது. பசியே இல்லையென்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வாளிச் சத்தம் கேட்டால் கனைத்துக்கொண்டு வருகிறாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"இனிமே உடம்புல ஒட்டாது. ஒரு நாள் படுத்தா எந்திரிக்க முடியாம தவிப்பா. அதுக்கு முன்னாடி ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லது" என்றார் டாக்டரம்மா. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரட்டுமா?"

அத்தான் குனிந்து தீவனத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஒன்பதரைக்கு வாங்கம்மா. எட்டு மணிக்குத்தான் சாப்பிட ஆரம்பிப்பா."