மூன்று விமானப் பாடசாலைகளும் ஒரு கூடைக் கம்பளி நூலும்

முப்பத்துநாலாம் வருஷத்து மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். கும்பகோணத்திலிருந்து நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் மைல். மூன்றாம் வகுப்பில் இரவு முழுவதும் உட்கார்ந்தபடி வந்தாயிற்று. வந்த காரியம் ஒன்றே. ஆகாய விமானம் ஓட்டும் உத்தியோகத்துக்குரிய தரைப்பாடத்தை எந்தப் பள்ளியில் படிப்பது என்று மாலைக்குள் முடிவு செய்ய வேண்டும். ஊரில் ஹைஸ்கூல் கணித ஆசிரியர் வேலை எனக்காகக் காத்திருந்தது. அது வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை ஹெட்மாஸ்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தரைப்பாடம் என்பதைச் சற்று விளக்குகிறேன். விமானத்தைக் கையால் ஓட்டக் கற்பது பரங்கிமலைக்கு அப்பாலுள்ள மைதானத்தில். ஆனால் சம்பளம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல விரும்புகிறவன், திசை கணித்தல், காற்று மழையின் போக்கு, எஞ்சின், ஆகாயச் சட்டம் ஆகியவற்றில் எழுத்துப் பரீட்சையும் தேற வேண்டும். அதற்குப் பட்டணத்தில் மூன்று இடங்களில் தனியாகச் சொல்லித்தருவதாக விசாரித்து வைத்திருந்தேன். இந்த ஆசை எனக்கு விளையாட்டாக வந்ததன்று. ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடம் கரையை உடைத்தபோது, அக்கரைக் கிராமங்களுக்குப் பதினொரு நாள் தபாலும் போகவில்லை, மருந்தும் போகவில்லை. மேலே வழி திறந்தே கிடந்தது. போவதற்குத்தான் ஆள் இல்லை.

ஒன்பது மணிக்கு மின்சார ரயிலில் மாம்பலம் சேர்ந்தேன். அதை ஒட்டி எழுந்துவரும் தியாகராய நகரில் வீடுகளெல்லாம் புதியவை. சாலையோரத்து மரங்கள் இன்னும் ஆள் உயரங்கூட வளரவில்லை. முதற் பள்ளி ஒரு மாடி வீட்டில் இருந்தது. கூடத்துச் சுவரில் விமான மூக்கில் சுற்றும் நிஜமான மரச்சுழலி ஒன்றைப் பளபளவென்று மெருகிட்டு மாட்டியிருந்தார்கள். கழுத்துப்பட்டை அணிந்த மானேஜர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் ஆரம்பிச்சே ஆறு மாசந்தான் சார் ஆவுது. ஆனா ஃபெயிலானவங்கன்னு ஒருத்தர்கூட இல்லே, பாருங்க!"

"டாக்டர் சர்டிபிகேட் முதலிலேயே வேண்டுமா?"

"அதெல்லாம் கடைசிலே பாத்துக்கலாம். முதல்லே பேரைப் பதிவு பண்ணிடுங்க."

மூன்று மாதத்துக்கு நூற்றைம்பது ரூபாய். கட்டிய பணம் திரும்பாது. யோசித்து வருவதாகச் சொல்லிப் புறப்பட்டேன்.

அங்கிருந்து அடையாற்றுக்கு, சைதாப்பேட்டை வழியாக, நாலு மைல் இருக்கும். எட்டணாவுக்கு ஒரு ஜட்கா பேசினேன். எதற்காகப் போகிறேன் என்று வண்டிக்காரர் விசாரித்தார், சொன்னேன்.

"இன்னா நைனா, ஏரோப்ளேனா? மேல போய்க்கினு இருக்கசொல்ல வழி தப்பிச்சின்னா யாராண்ட கேப்பே?"

"கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்."

"கணக்குத் தப்பிச்சின்னா?"

அவரே குதிரையைத் தட்டிவிட்டு, "இது தேவலாம் நைனா. கோச்சிக்கினா நின்னுக்கும், வீயாது" என்றார். திசைப்பாடத்தைச் செவ்வையாகக் கற்பிக்கும் இடமே எனக்கு வேண்டும் என்று அந்த வண்டியில்தான் தெளிந்தேன்.

பதினொன்றரை மணிக்குக் கண்ட அடையாற்றுப் பள்ளி, உண்மையில் ஒரு மோட்டார் பட்டறை. கரும்பலகையாகப் பயன்பட்டது கொட்டகைக் கதவு. கையெல்லாம் எண்ணெயாக இருந்த மேஸ்திரி, பிரித்துப் போட்ட எஞ்சினை அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கவைத்தார். நாற்பது ரூபாய்தான் கேட்டார். திசை, காற்று இவற்றைப் பற்றி விசாரித்தபோது தயங்காமல் கையை விரித்தார்.

"அது நமக்குத் தெரியாது சார். மயிலாப்பூர்ல ஒர்த்தர் கீறார், கப்பல்ல இருந்தவரு. அவராண்ட போ. எஞ்சினுக்கு வேணும்னா இங்க வா."

நான் குறித்து வைத்திருந்த மூன்றாவது விலாசமும் அவருடையதே.

பஸ்ஸில் லஸ் முனைக்கு வந்து, மூன்று மணிக்கு அவர் வீட்டை அடைந்தேன். சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து விலகியவர், நாற்பது வயதிருக்கலாம். வங்காள விரிகுடாவின் படம் கூடத்துத் தரையில் பாதியை மூடிக் கிடந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குறுக்குக் காற்றில் போகும் விமானம் எந்தத் திசையில் மூக்கை வைக்க வேண்டும் என்று ஒரு கணக்குக் கொடுத்தார். போட்டுக் காட்டினேன்.

"கணக்கு நன்னா வரதே!" என்றார்.

என் முடிவு அந்த நிமிஷமே ஆகிவிட்டது. பாடத்துக்கு அவர் கேட்டது நூறு ரூபாய். நோட்டுகளை எடுத்தேன். அவர் வாங்கவில்லை. "செத்த இருங்கோ" என்று உள்ளே திரும்பி, மனைவியின் கம்பளிக் கூடையைக் கேட்டார்.

"பூவேலை பண்ணிண்டிருக்கேன். பாதியிலே பிடுங்கிண்டு போனா எப்படி? ஒவ்வொரு தடவையும் என் நூலைத்தானா கலைக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கூடையைக் கொண்டுவந்து ஜன்னலடியில் கொட்டினார். ஐம்பது நூற்கண்டுகளுக்குக் குறையாது. ஆசிரியர் ஒரு வெளிர்பச்சைக் கண்டை என் கையில் கொடுத்து, அந்த நிறத்தைச் சேர்ந்தவற்றையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார்.

ஒன்பது எடுத்து வைத்தேன். சிரிக்கத் தொடங்கிய அம்மாள், கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒம்பதிலே நாலு பச்சையே இல்லை. ரெண்டு சாம்பல், ஒண்ணு காவி, ஒண்ணு ரோஜா" என்றார் ஆசிரியர்.

மறுபடியும் கலைத்துப் பார்த்தோம். இம்முறை ஐந்து தவறு. அந்தக் காவிக் கண்டையும் பச்சைக் கண்டையும் அருகருகே பிடித்து வெகுநேரம் பார்த்தேன். அவற்றில் எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"பழக்கத்தால் இதைக் கற்றுக்கொள்ள முடியாதா? கண்டுகளை மனப்பாடம் செய்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"அப்படிப் பண்ணி டாக்டரை ஏமாத்தினவா உண்டு. ஆனா, இறங்கலாமா கூடாதான்னு மைதானத்திலே பச்சையும் சிவப்புமாத்தான் விளக்குக் காட்டுவா. அதை எப்படி மனப்பாடம் பண்ணுவேள்?"

பின்பு காபி வந்தது. "கல்யாணமாச்சுன்னா புடவை எடுக்க மட்டும் தனியாப் போயிடாதேங்கோ" என்றார் அம்மாள். மூவரும் சிரித்தோம்.

ஐந்து மணிக்கு லஸ் முனையில் நின்றேன். தியாகராய நகர் போக இன்னும் நேரமிருந்தது. அங்கே என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். மனப்பாடத்தின் பலத்தில் ஒரு பட்டமே வாங்கியவன் நான். ஐம்பது கண்டுகள் ஒரு பொருட்டன்று. ஆனால், விமானத்தில் எனக்குப் பின்னால் ஆசனங்கள் இருக்கும். அவற்றில் அமர்கிறவர்கள் அந்தக் கம்பளிக் கூடையைக் கண்டிருக்கமாட்டார்கள். மருந்து கொண்டு போகிறவன் இறங்கும் இடத்தில் நாலு பேரைக் கொல்வானாகில், அதைச் சேவை என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க இயலாது. எழும்பூர் டிராம் வந்தது, ஏறிக்கொண்டேன்.

இத்துறையில் புக விரும்பும் இளைஞர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: எஞ்சினுக்கு அடையாறு, மற்ற அனைத்துக்கும் மயிலாப்பூர். என்னைச் சேர்த்துக்கொள்ள மறுத்த பள்ளியைவிட நம்பத்தக்க பள்ளியை நான் காணவில்லை.

மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஹெட்மாஸ்டருக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பற்றி இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஊரைப் பற்றி யோசித்தேன். எங்கள் கொல்லையில் ஒரு பாத்தி மிளகாய் உண்டு. பழுத்ததாகப் பார்த்துப் பறித்து வர அம்மா என் தங்கைகளைத்தான் அனுப்புவாள். பல வருஷங்களாக என்னை ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. படித்த பிள்ளைக்குத் தரும் மரியாதை என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தேன்.