லூசி அம்மாளின் மரப்பொந்துக்காரி

லூசி எடுத்த முதல் படத்தில் வாழை மரம் இருந்தது, வேலி இருந்தது, துணி துவைக்கும் கல் இருந்தது. எடுக்க நினைத்த பூனையை மட்டும் காணோம். அது உட்கார்ந்திருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இழுபட்டுக் கிடந்தது.

“நல்லாத்தான் வந்திருக்கு லா,” என்றார் அவள் கணவர் அமலதாஸ், மலாயாக்காரர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு. “கல்லு ரொம்ப அழகா விழுந்திருக்கு.”

அது 1934ஆம் ஆண்டின் தொடக்கம். மலாயாவின் கோத்தா திங்கியிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் மண் சாலையில் இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் அமலதாஸ் டிரசராக வேலை பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கலப்பதிலிருந்து வெட்டுக் காயத்துக்குத் தையல் போடுவதுவரை எல்லாம் அவர் கைதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவர்களுடைய பலகை வீடு. வீட்டுக்குப் பின்னால் பப்பாளியும் வாழையும் நிற்கும் கொல்லை. அதையும் தாண்டினால் ஓர் ஓடை.

அவர்களுடைய ஒரே மகள் ஐலீன், ஜொகூர் பாருவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தங்கிப் படித்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பஸ் ஏறும்போது அவள் அழுதது பெற்றோருக்காக இல்லை, கோப்பிக்காக. வால் நுனி மடங்கிய பழுப்பு நிறப் பூனைக்கு அவள் வைத்த பெயர் அது.

“நான் இல்லாதப்பதாம்மா எல்லாம் நடக்கும்,” என்று விம்மினாள்.

“இங்க என்னடி நடக்கப்போவுது? நடந்தா படம் புடிச்சு அனுப்புறேன், போ,” என்றாள் லூசி.

அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் கையில் உண்மையிலேயே ஒரு படப்பெட்டி இருந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கணக்கராக இருந்த அவள் தம்பி ரோலண்ட், புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, தன் பழைய பாக்ஸ் கேமராவை அக்காளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, பக்கத்து விசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். பிலிம் சுருள் மட்டும் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதனால் லூசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: ஒரு நாளைக்கு ஒரு படம். அதற்குமேல் விசையைத் தொடுவதில்லை.

ஒரே ஒரு படம் என்றானபிறகு நாளெல்லாம் பார்க்க வேண்டியதாயிற்று. காலையில் ஓணானை எடுத்துவிட்டால் மத்தியானம் அதைவிட நல்லது ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். இத்தனை வருஷமாக அந்தக் கொல்லை அவளுக்குத் துணி காயப்போடும் இடம்தான். இப்போது அங்கே ஓர் ஊரே குடியிருப்பது தெரிந்தது. கழுத்துக்கடியில் மஞ்சள் தோலை விசிறியாக விரித்துக் காட்டிவிட்டு, மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து போனது ஒரு பறக்கும் ஓணான். வெயில் ஏறியதும் சாக்கடை ஓரத்தில் உடும்பு ஒன்று வந்து குப்புறப் படுத்தது. ஓடையில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று சண்டை போட்டுக்கொண்டே மீன் தின்றது. கோப்பி, தோட்டத்து நாய்களை எல்லாம் அடித்து விரட்டும் கோப்பி, அவர்கள் வளர்த்த வாத்தைக் கண்டால் மட்டும் ஒதுங்கி நடந்தது.

சுருள் முடிந்த சாயங்காலங்களில் அமலதாஸ், ஆஸ்பத்திரித் துணி வைக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொள்வார். விளக்கைச் சிவப்புத் துணியால் சுற்றி, பீங்கான் தட்டுகளில் மருந்து கலந்து பிலிமைக் கழுவுவார். மருந்து கலக்கிற மனுஷர் என்பதால் அது அவருக்குச் சுலபமாக வந்தது. மறுநாள் லூசி அதைச் சட்டத்தில் தாளோடு வைத்து அழுத்தி, துவைக்கும் கல்மேல் வெயிலில் காட்டுவாள். தாள் மெல்ல மெல்லக் கருத்துப் படம் எழும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் வரும்.

பிப்ரவரியில் இருவாச்சிகள் வந்தன.

காடு வெட்டித் தோட்டம் போட்டபோது எப்படியோ தப்பிய பெரிய மரம் ஒன்று கொல்லைக் கடைசியில் நின்றது. அதில் இரண்டாள் உயரத்தில் ஒரு பொந்து. கறுப்பும் வெள்ளையுமாக, மூக்குக்குமேல் இன்னொரு மூக்கு வைத்ததுபோல, இரண்டு பெரிய பறவைகள் சில நாட்களாக அந்தப் பொந்தை எட்டி எட்டிப் பார்த்தன. ஒருநாள் பெட்டை உள்ளே போனது. திரும்ப வரவில்லை. பொந்தின் வாய் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுதான் மிஞ்சியது.

லூசி பதறிப்போய் ஐயாசாமியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியைச் சுற்றிப் புல் வெட்டுவது, கொசு வராமல் சாக்கடைக்கு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் அவன் வேலை.

“அது எங்காங்கும்மா,” என்றான் அவன். மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரைத்தான் அவனும் சொன்னான். “பொட்டை உள்ள போயி அதுவே வாசல அடைச்சிக்கும். முட்டை வெச்சு, குஞ்சு பெரிசாகுற வரைக்கும் வெளிய வராது. ஆம்பளதான் சோறு போடணும்.”

பக்கத்தில் நின்ற கருப்பாயிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். “பொண்டாட்டிய உள்ள வெச்சிப் பூட்டிட்டு இவன் ஊரு சுத்தப் போறானா? நல்ல புருசன்தான் போ!” என்று மரத்தைப் பார்த்தே திட்டினாள்.

ஆனால் அவன் ஊர் சுற்றவில்லை. பனி கலையும் முன்பே ஆற்றோரத்து ஆலமரத்திலிருந்து வருவான். மரத்தில் ‘டக் டக்’ என்று அலகால் தட்டுவான். கீற்றில் வெளுத்த அலகு நுனி ஒன்று தெரியும். தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து அதில் வைப்பான். தொண்டைக்குள் சட்டைப்பை தைத்து வைத்திருப்பானோ என்று தோன்றும். அத்தனை பழம் வரும்.

கீழேயிருந்து எடுத்த படங்களில் அவன் ஓர் எறும்பளவுதான் தெரிந்தான். லூசி யோசித்தாள். ஐயாசாமியை விட்டு மரத்துக்கு எதிரே மூங்கிலில் ஒரு பரண் கட்டச் சொன்னாள். சுற்றிலும் கோணிச் சாக்கு, மேலே அத்தாப்பு ஓலை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரசரம்மா ஏணியில் ஏறுவதைப் பார்க்க ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் வந்து நின்றன.

“விழுந்தா கட்டுப்போட நான் இருக்கேன்,” என்றார் அமலதாஸ், ஏணியைப் பிடித்தபடி. “ஆனா பிலிம் கழுவுற கையால கட்டுப்போடுவேன். பரவாயில்லையா?”

அந்தப் பரணிலிருந்து எடுத்த படம்தான் முதன்முதலாகச் சரியாக விழுந்தது. அலகு நுனியில் ஒரு பழம், கீற்றில் இன்னோர் அலகு, நடுவே விரற்கடை இடைவெளி. ஐலீனுக்கு அனுப்பியதும் பள்ளியில் அது கை மாறிக் கை மாறிப் போய், சாப்பாட்டு மேசையில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் அகப்பட்டு, அவரும் அதை வெகுநேரம் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாராம்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பாதி கடந்திருந்தபோது, ஒருநாள் காலையில் அவன் வரவில்லை.

லூசி பரணிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. கீற்றில் அலகு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. உள்ளேயிருந்து குஞ்சின் கீச்சுக் குரல் கேட்டது. மறுநாளும் அவன் வரவில்லை. ஐயாசாமி ஆற்றோரம் போய்ப் பார்த்துவிட்டு, கையில் கறுப்பு வெள்ளை இறகுகளோடு திரும்பினான்.

“ஆலமரத்துக்குக் கீழ கெடந்துச்சும்மா. மலைப்பாம்பா, கழுகா, தெரியல.”

லூசி அந்த இறகுகளை வாங்கவில்லை. “உள்ள இருக்குறது என்ன ஆவும்?” என்று கேட்டாள்.

“பசி தாங்கலன்னா வாசல ஒடச்சிட்டு வெளிய வரும். ஆனா உள்ள இருக்கறப்ப அதுக்கு இறகு கொட்டியிருக்கும்மா. சரியாப் பறக்க முடியாது. குஞ்சு பாடு கஷ்டந்தான்.”

அன்று மத்தியானம் லூசி பப்பாளி ஒன்றைப் பறித்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கினாள். மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி நுனியில் ஒரு துண்டைக் குத்தினாள். பரணிலிருந்து கையை நீட்டினால் குச்சி கீற்றைத் தொட்டது. உள்ளேயிருந்து அலகு வெட்டுக்கத்திபோல் பாய்ந்தது. குச்சி இரண்டாக முறிந்து கீழே விழுந்தது. இன்னொரு குச்சி, அதுவும் போயிற்று. இறங்கி வந்து சமையற்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாம யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அமலதாஸ். “வாசல்ல திடீர்னு ஒரு குச்சி வந்து நின்னா நான்கூட ஒடைப்பேன்.”

லூசி நிமிர்ந்து பார்த்தாள். “அவன் தட்டிட்டுத்தாங்க குடுப்பான்,” என்றாள்.

மறுபடி ஏறினாள். குச்சியின் அடிப்பக்கத்தால் மரத்தில் ‘டக் டக்’ என்று தட்டிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். கீற்றில் வெளுத்த நுனி மெதுவாக வந்தது. பாயவில்லை, திறந்தது. பப்பாளித் துண்டை அதில் வைத்தாள். அலகு உள்ளே போனது. ஒரு நொடியில் திரும்ப வந்து நின்றது, இன்னும் கொடு என்பதுபோல.

லூசி அடுத்த துண்டைக் குச்சியில் குத்தினாள். “இரு, இரு, தர்றேன்,” என்று சத்தமாகவே சொன்னாள்.

அதற்குப்பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. காலையில் அடுப்பு மூட்டும் முன்பே பரண். மத்தியானம் பரண். சாயங்காலம் செபமாலை சொல்லும் முன் ஒருமுறை. பழம் மட்டும் போதாது, குஞ்சுக்குப் பூச்சி வேண்டும் என்று ஐயாசாமி சொன்னான். அடுத்த நாள் கருப்பாயி சிகரெட் டின் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே வெட்டுக்கிளிகள் படபடத்தன.

“புருசன் செத்தவளுக்கு யாரும்மா இருக்கா?” என்றாள். “அவன நான் பேசுன பேச்சு இருக்கே. பாவம், நல்லவன்தான்.”

அமலதாஸ் தன் பங்குக்கு அவித்த முட்டையை நசுக்கி உருண்டை பிடித்துக் கொடுத்தார். நோயாளிக்குக் கொடுப்பதுபோல, காலையில் இத்தனை, மாலையில் இத்தனை என்று உத்தரவும் போட்டார். தோட்டத்துத் துரை ஒருநாள் ஆஸ்பத்திரி பார்க்க வந்தவர், சாக்குக்குள்ளிருந்து நீளும் குச்சியைக் கண்டு நின்றுவிட்டார். அமலதாஸ் விஷயத்தைச் சொன்னார். துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். மறுநாள் பங்களாவிலிருந்து சமையல்காரன் ஒரு கூடை பழம் கொண்டுவந்தான்.

இந்த நாட்களில் லூசி ஒரு படமும் எடுக்கவில்லை. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் கிண்ணம்; படப்பெட்டியை எந்தக் கையால் பிடிப்பது? பெட்டி அமலதாஸ் கைக்குப் போயிற்று. ஆயுளில் அவர் எடுத்த ஒரே படம் அது: தலையில் கோணி, கன்னத்தில் பப்பாளிச் சாறு, வாயைத் திறந்தபடி லூசி. பறவைக்கு ஊட்டும்போது தன் வாயும் திறந்துகொள்கிறது என்பது அந்தப் படம் வந்தபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“கிழிச்சுப் போடுங்க அத!”

“போ லா. ஐலீனுக்கு அனுப்பியாச்சு.”

ஈஸ்டர் விடுமுறைக்கு ஐலீன் வந்தாள். துணிப்பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேரே பரணுக்குத்தான் ஓடினாள். குச்சியை அவள் கையில் கொடுத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று லூசி காட்டினாள். இப்போது கீற்றில் இரண்டு அலகுகள் முண்டியடித்தன, ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

ஈஸ்டர் ஞாயிறு கழிந்த மறுநாள் காலை, யாரும் தட்டாமலே மரத்திலிருந்து சத்தம் கேட்டது. மூன்று பேரும் கொல்லைக்கு ஓடினார்கள். வாசலை அடைத்திருந்த காய்ந்த மண்ணும் எச்சமும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. கீற்று அகன்றது. தலை வந்தது, தோள் வந்தது, அழுக்கேறிய இறக்கை ஒன்று வந்தது. பெட்டை வெளியே தாவி, தடுமாறி, பக்கத்து ரம்புத்தான் மரத்தில் போய் விழுகிற மாதிரி உட்கார்ந்தது. இறகைக் கோதத் தொடங்கியது. அத்தனை நாள் அடைந்து கிடந்ததில் வால் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

“அம்மா, படம்! படம்!” என்று ஐலீன் கத்தினாள்.

லூசி படப்பெட்டியை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினாள். உடைந்த வாசலில் குஞ்சு தலையை நீட்டி, முதன்முதலாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அது அசையவில்லை. லூசியும் மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் தட்டினாள்.

பெட்டைக்குச் சீக்கிரமே இறக்கை பலம் வந்துவிட்டது. தானே பழம் தேடிக் கொண்டுவந்து குஞ்சுக்குக் கொடுத்தது. லூசி குச்சியை நீட்டிப் பார்த்தாள். மரத்தில் தட்டியும் பார்த்தாள். அது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இத்தன நாளு ஊட்டுனேன். ஒரு மொகம் காட்டுதா பாருங்க,” என்றாள் கணவரிடம்.

“என்கிட்ட வர்ற நோயாளிங்களும் அப்படித்தான்,” என்றார் அமலதாஸ். “கொணமாயிட்டா ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க. நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.”

லூசி சிரித்துவிட்டாள். அது நியாயமாகத்தான் பட்டது.

குஞ்சு கொல்லையிலேயே கொஞ்ச காலம் திரிந்தது. கிளையில் சரியாக இறங்கத் தெரியாமல் வாழை இலையில் வந்து விழும், இலை கிழியும், கத்தும். பப்பாளி பழுப்பதற்குள் கொத்திவிடும். வீட்டில் பப்பாளி சாப்பிட்டு நாளாயிற்று என்று அமலதாஸ் முணுமுணுத்தார். லூசி அப்போது ஏணிமேல் நின்றாள். வாத்தும் உடும்பும் சாக்கடைக் கரையில் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. காலையிலிருந்து அன்றைய படத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. “சத்தம் போடாதீங்க,” என்று கையமர்த்திவிட்டு, பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தாள்.