பாக்கியம் அக்காவின் குக்கர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது என் மருமகன் கதிரேசன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மா போயிருச்சு. வெரசா வாங்க" என்றான். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். நின்று சர்க்கரையை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கதிரேசனின் தாயார் பாக்கியத்தம்மாள் என் உடன்பிறந்த மூத்த சகோதரி. நம் உறவினர்களுக்குள் சுற்றுக்கு விடும் இதழ் இது என்பதால் நல்லவிதமாக மட்டும் எழுதச் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். ஆனால் அக்கா வேகாத சோற்றையும் பொய்யையும் ஒரே மாதிரி துப்பிவிடுவார். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பழனிக்குப் பக்கத்து ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் மலைமேல் இருக்கும் பள்ளங்கிக்கு வாழ்க்கைப்பட்டார். வந்த மறுநாளே உலை வைக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் வைக்கும் அதே தண்ணீர், அதே நேரம். ஆனால் மலைமேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதிக்குமே தவிர உள்ளே கிடப்பது எளிதில் வேகாது. சோற்றில் அரிசி நின்றது. பருப்பு உலையில் போட்டபடியே கிடந்தது. மாமியாருக்கு அது முன்பே தெரியும். சொல்லாமல் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், "கீழ் நாட்டு மகராசி கோழிக்குத் தீனி வச்சிருக்கா" என்று சொல்லி, அந்தப் பானைச் சோறு முழுவதையும் இரண்டு நாள் அக்காவையே சாப்பிட வைத்தார்.

இதை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருமுறையும் அழுததில்லை.

கதிரேசன் பிறந்த பிறகு அத்தான் திண்டுக்கல்லிலிருந்து ஒரு குக்கர் வாங்கி வந்தார். அக்காவின் அடுப்படியில் அருவாமனை இருந்தது, உப்புச் சாடி இருந்தது, மலைப்பூண்டு கட்டித் தொங்கவிட்ட கொடி இருந்தது. ஆனால் இந்த மலையில் வீடு என்றால் குக்கர்தான் என்பார் அவர். புளி போட்டுத் துலக்குவார். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவைப்பார். பக்கத்து வீட்டுக்குக் கோடரி கொடுப்பார், குக்கர் கொடுக்கமாட்டார். பல் போன மாமியார் கடைசிக் காலத்தில் குழைந்த சோறு கேட்டபோது, அவருக்கு மட்டும் தனியாகச் சட்டியில் வைத்துக் கொடுத்தார். நான் அங்கே போயிருந்த ஒரு நாள், அந்தக் கிழவி ஒரு கவளத்தை வாய்க்குள் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு தவமணி மருமகளாக வந்தாள். பள்ளியில் என்னிடம் படித்த பெண். உறவான பின்னும் என்னைச் 'சார்' என்றே அழைப்பாள். அக்கா அவளை அடித்ததில்லை. சோற்றில் குறை வைத்ததுமில்லை. வெளியே கிளம்பும்போது குக்கரின் வெயிட்டை மட்டும் கழற்றித் தன் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார். சந்தைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். அவர் திரும்பும்வரை தவமணி சட்டியில்தான் போராட வேண்டும்.

ஒரு பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குப் போகும் வழியில் அக்கா என் வீட்டில் இறங்கினார். வெற்றிலை எடுக்கப் பையைப் பிரித்தபோது வெயிட் உருண்டு தரையில் விழுந்தது. வீட்டில் தவமணி ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அக்கா மூன்று நாள் கழித்துத்தான் திரும்புவார். "இது என்னக்கா?" என்றேன்.

"அவ கையில குடுத்தா சோலிய முடிச்சிட்டுச் சீமாட்டி கணக்கா உக்காந்துருவா. நான் வேகாதத தின்னுதான இந்த வீட்ல வேர் புடிச்சேன், அவளும் புடிக்கட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முறையாகாது.

அத்தான் இறந்து மறு வருடம் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. எழுந்து ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கியதும் தவமணி தனி அடுப்பு கேட்டாள். அக்காவுக்கு வீட்டின் பின்னால் உருளைக்கிழங்கு போட்டுவைத்த கொட்டகையும் ஒரு விறகடுப்பும் என்று கதிரேசன் ஒப்புக்கொண்டான். அடுப்பு பிரிக்கும்போது பாத்திரங்களை அந்த வீட்டில் குடியிராத ஒருவர் எழுதிப் பிரிப்பது எங்களில் வழக்கம். எழுதியதை அதற்குப் பிறகு யாரும் மாற்றக் கூடாது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை அழைத்தார்கள்.

இரண்டு பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். அருவாமனை அக்காவுக்கு. சட்டி இரண்டு, கரண்டி இரண்டு, உப்புச் சாடி அக்காவுக்கு. குக்கர் வந்தபோது பேனா நின்றது. "அது நானும் எம் புருசனும் வாங்குனது" என்றார் அக்கா. கதிரேசன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவமணி குரலை உயர்த்தவே இல்லை. "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மூணு நாளு சட்டியில பருப்பு கிண்டிருக்கேன் சார். மலை மேல தண்ணி வெரசாக் கொதிச்சுரும், பண்டம் வேகாதுன்னு எட்டாம் வகுப்புல நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு மறக்கல. எழுதுங்க" என்றாள்.

எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து மனம் கேளாமல் இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். தவமணி வாசலிலேயே எதிர்ப்பட்டாள். "குடுங்க சார், நான் அத்தைகிட்டக் குடுத்துர்றேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் போனபோது அதில் அவள் முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்குள் அக்கா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கும் முன்பற்கள் போயிருந்தன. காலையில் வைத்த மொச்சை மதியத்துக்குமேலும் கல்லாகவே கிடந்தது. கரண்டியால் ஒன்றை எடுத்து நசுக்கிக் காட்டினார், நசுங்கவில்லை. "தண்ணி நல்லாத்தாண்டா கொதிக்கிது. உள்ள கெடக்கதுக்குத்தான் சேதி போகல" என்றார். பிறகு, "நீ வாங்குனத அவ கையிலயா குடுத்த? ஏலே, பூனகிட்டக் கருவாடக் குடுத்து அனுப்புவாகளா?" என்று சிரித்தார். தவமணியைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "எங்க மாமியாளுக்கு நான் செஞ்சதத்தான் செய்யிறா. நல்லாப் படிச்சிருக்கா" என்றார். சற்று நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு தடவ கேட்டு வாங்கித் தாடா தம்பி. வயிறு தாங்கல."

அக்கா என்னிடம் எதையும் கேட்டவர் அல்லர். எழுந்து முன்வாசலுக்குப் போனேன். "காப்பி சாப்பிட்டுப் போங்க சார்" என்றாள் தவமணி. குடித்தேன். நன்றாக இருந்தது. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். கொட்டகைக்குத் திரும்பிப் போய் அக்காவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்க்கவில்லை.

செவ்வாயன்று ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தவன், புறப்படுமுன் அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். தண்ணீர் கூடுதலாக விட்டு ஆறு விசில் வந்ததும் இறக்கினேன். சோறு கையால் தொட்டாலே குழைந்தது. அதை டப்பாவில் போட்டு மூடித் துணிப்பையில் வைத்துக்கொண்டேன். என்ன செய்வதாக இருந்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பள்ளங்கியில் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. தவமணி அழுதுகொண்டிருந்தாள். அது நடிப்பல்ல என்றே நினைக்கிறேன். பிறந்த வீட்டு வாய்க்கரிசி போட என்னை அழைத்தார்கள். டப்பாவை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "அரிசி இங்க இருக்கு சார்" என்று தவமணி தட்டை நீட்டினாள். பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்து அந்தத் தட்டிலிருந்து அள்ளினேன்.

மூன்று முறை போட்டேன். முன்பல் இல்லாத வாய்க்குள் பச்சை அரிசி சத்தமில்லாமல் விழுந்தது. நாலைந்து மணிகள் உதட்டோரம் நின்றன. யாரோ விரலால் உள்ளே தள்ளிவிட்டார்கள். பையிலிருந்த டப்பா என் விலாவில் இன்னும் சூடாக இருந்தது.

சோறு குழையத்தான் வெந்திருந்தது, அக்கா. போய் வாருங்கள்.