ஏழாவது மாதத்து உழவு

மழை விட்டு மூன்று நாளாகியும் கோஜி நான்கு சால்தான் ஓட்டியிருந்தான். ஐந்தாவது சாலின் நடுவில் மேழியை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். முன்னால் மாடுகளைப் பிடித்து நடந்துகொண்டிருந்த அவன் மனைவி குவரும்பா திரும்பிப் பார்த்தாள். கயிற்றை நுகத்தில் சுற்றிவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

கோஜிக்கு முப்பத்திரண்டு வயது. உடம்பில் காயம் எதுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் பெனுவே ஆற்றுச் சமவெளியின் அந்தக் கொதிக்கிற வெயிலில் அவனுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. கொட்டாவி கொட்டாவியாக வந்து கண்ணில் நீர் வழிந்தது. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல ஒரு அரிப்பு. உட்கார்ந்தால் கால் நடக்கச் சொல்லும், நடந்தால் படுக்கச் சொல்லும்.

பக்கத்து நிலத்தில் சினி உழுதுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே மலையிலிருந்து பருத்தி போட்டுப் பிழைக்க இறங்கி வந்தவர்கள். சினி வரப்பு வரைக்கும் வந்து மாட்டைத் திருப்பினான்.

"என்ன பங்காளி, மண்ணைக் காவல் காக்கிறியா?"

"மூச்சு வாங்குது."

"உனக்கா, மாட்டுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"நல்ல ஜோடி. நுகத்துல உன்னையும் சேத்துப் பூட்டினா மூணா ஆயிடும், எதுவும் நகராது."

சினி சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். "காலையில ஒண்ணு போட்டேன். வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியல. தலைவரு நேத்து உன் நிலத்தைப் பத்திக் கேட்டாரு. கோஜி உழுவானா, இல்ல வேற ஆளுக்குக் கொடுத்துடலாமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"உழுவான்னு சொன்னேன். பொய் சொன்னா என்ன, எனக்கா வலிக்குது."

மலையிலிருந்து வந்தவர்களுக்கு நிலம் சொந்தம் இல்லை. உழுகிற வரைக்கும் அவர்களுடையது. விதைக்கிற ஈரம் காய்வதற்குள் உழாமல் போட்டால் அது ஊர்த்தலைவர் கைக்குத் திரும்பிவிடும். இன்னும் ஐந்தாறு நாளில் ஈரம் காய்ந்துவிடும்.

வலியும் களைப்பும் தெரியாமல் இருக்கப் போடும் அந்த மாத்திரைக்கு அங்கே டிராமோல் என்று பெயர். சந்தையில் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் தட்டில் வைத்து விற்பார்கள். கோஜி முதன்முதலில் அதை வாங்கியதுகூட இல்லை. பருத்தி எடுக்கும்போது சினிதான் நிலக்கடலை கொடுப்பதுபோல உள்ளங்கையில் ஒன்று வைத்தான். அன்றைக்குக் கோஜி இரண்டு ஆள் வேலை செய்தான். அடுத்த உழவுக்குள் இரண்டு மாத்திரை, அதற்கடுத்த உழவுக்கு நான்கு. எல்லோரும் செய்ததுபோல அவனும் மாட்டுக்குத் தவிட்டில் பொடித்துக் கலந்தான். மாடுகள் உச்சி வெயிலிலும் நிற்காமல் நடந்தன. எதையும் துருவிக் கேட்கும் சினியின் வாயை அடைக்கத்தான் அவற்றுக்குப் 'பார்த்துக்கிட்டிரு' என்றும் 'யாரு கேட்டா' என்றும் பெயர் வைத்திருந்தான். இரண்டையும் பெயர் சொல்லி அதட்டும்போது அந்தப் பக்கத்துக்கே சிரிப்பு வரும்.

போன நவம்பரில் பருத்தி ஏற்றிய வண்டியிலிருந்து கோஜி வலிப்பு வந்து விழுந்தான். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். சக்கரம் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சுகாதார நிலையத்தில் இயாயா என்ற ஆண் நர்ஸ், "இன்னொரு வாட்டி விழுந்தா என்கிட்ட வராதே, பாதிரியார்கிட்ட போ" என்றார். அன்றோடு கோஜி நிறுத்தினான். மாட்டுக்கும் நிறுத்தினான்.

முதல் பத்து நாள் வாந்தியும் பேதியும். குவரும்பாதான் கழுவினாள், துடைத்தாள், கஞ்சி ஊற்றினாள். பத்து நாள் தாண்டினால் தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். தீரவில்லை. மாதம் ஏழு ஆகிறது. தூக்கம் இல்லை, சாப்பாட்டில் ருசி இல்லை. திருவிழாவுக்குச் சோளத்தில் காய்ச்சும் பில்பில் என்ற கள்ளைக் குடித்தால் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. மகள் பிறந்து பத்து மாதம். அவள் முதன்முதலாக எழுந்து நின்றபோது குவரும்பா அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் கலப்பையை அப்படியே போட்டுவிட்டு இயாயாவிடம் நடந்து போனான்.

"ஏழு மாசம் ஆச்சுங்கய்யா. எப்ப போகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். ஒருநாள் திடீர்னு லேசா இருக்கும். நல்லாத்தான் தேறிட்டு வர்றே, கோஜி."

"தேறுறவன் இப்படியாய்யா இருப்பான்? மருந்து எதுனா குடுங்க."

"பெரிய ஊர்ல இருக்கலாம். என்கிட்ட இருக்கிறது பாராசிட்டமால். தலைவலின்னு சொல்லு, தர்றேன்."

"தலை வலிக்கல."

"அப்ப அதுவும் இல்ல." இயாயா அவன்கூட வாசல் வரைக்கும் வந்தார். "திரும்பப் போட்டா மறுபடி முதல் நாள்லேருந்துதான். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

வீட்டுக்கு வந்து அதைக் குவரும்பாவிடம் அப்படியே சொன்னான். அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷமா?"

"கூடவும் ஆகலாமாம்."

"அதுவரைக்கும் ஈரம் நிக்குமாய்யா?"

அவள் முறத்தை வைத்துவிட்டுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கேயோ போனாள்.

மறுநாள் காலையில் கஞ்சியில் வழக்கத்தைவிடப் புளியும் நிலக்கடலையும் கூடியிருந்தன. ருசி தெரியாத வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். குடித்துவிட்டு நிலத்துக்குப் போனான்.

மூன்றாவது சாலில் கால் அரிப்பு நின்றது. முதலில் அவன் கவனிக்கவில்லை. ஆறாவது சாலில் மண் வாசனை வந்தது. ஈர மண்ணுக்கு வாசனை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. நின்று ஒரு பிடி எடுத்து முகர்ந்தான். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"ஏ புள்ள, அவர் சொன்ன நாள் இதுதான்."

"எந்த நாள்?" அவள் திரும்பவில்லை.

"லேசா இருக்கும்னாரே. லேசா இருக்கு. பசிக்குது எனக்கு. நெஜமாப் பசிக்குது."

அவன் பாடினான். மாடுகளை அதட்டினான். வரப்போரம் நிழலில் கிடந்த மகளைத் தூக்கி நுகத்தின் மேல் உட்காரவைத்து நாலடி நடத்தினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் இறங்கியது. அடுத்த வருஷம் வரப்போரம் வெங்காயம் போடலாம், இயாயாவுக்கு ஒரு சேவல் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டே போனான். குவரும்பா "ம்" என்றாள். ஒவ்வொரு முறையும் "ம்" மட்டும்.

"யோவ் பங்காளி," சினி அங்கிருந்து கத்தினான். "செத்தவன் எழுந்துட்டானா?"

"எழுந்துட்டான். உன் நிலத்தையும் சேத்து உழுவான், தள்ளிக்கோ."

வெயில் உச்சிக்கு வந்தது. மாத்திரையை நிறுத்தியதிலிருந்து 'யாரு கேட்டா' அந்த நேரத்தில் எந்த அடிக்கும் அசையாது, சாலிலேயே மடங்கி உட்கார்ந்துவிடும். அது உட்காரட்டும் என்று கோஜி மேழியைத் தளர்த்தினான். மாடு உட்காரவில்லை. ஓரத்துக்குப் போய்த் தானே திரும்பியது. வாயில் நுரை கட்டியிருந்தது. கண் எதையும் பார்க்காமல் திறந்திருந்தது.

அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். இரண்டு உழவு அதைப் பார்த்திருக்கிறான்.

கோஜி நின்றான். எப்போதிலிருந்தோ தன் மூக்கைச் சொறிந்துகொண்டே வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மூக்கும் கழுத்தும் முன்கையும் அரித்தன. இது எறும்பு ஊர்கிற அரிப்பு இல்லை. டிராமோல் உடம்பில் ஏறினால் வருகிற அரிப்பு, இதமான அரிப்பு.

"மாட்டுக்கு என்ன குடுத்தே?"

"தவிடு."

"குவரும்பா."

அவள் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதுக்கு ரெண்டு ரெண்டு. உனக்கு ஒண்ணுதான். பாதி போடலாம்னுதான் பாத்தேன், பாதியில என்ன ஆவப்போவுதுன்னு…" குரல் உடைந்தது. "நிலம் போனா எங்கய்யா போறது? மலைக்கா? அங்க யாரு இருக்கா நமக்கு?"

கோஜிக்குக் கோபம் வர வேண்டும். ஏழு மாதம். அத்தனை ராத்திரி. அவன் கோபத்தைத் தேடிப் பார்த்தான், வரவில்லை. அழுகையையும் தேடினான். உடம்பு முழுக்க வெதுவெதுப்பாக, இதமாக இருந்தது. எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவளைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. காலையிலிருந்து வந்த சந்தோஷம் அவனுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பயமும் வரவில்லை.

"அழாதே. கயித்தைப் பிடி," என்றான்.

பொழுது சாய்வதற்குள் முழு நிலமும் உழுதாகிவிட்டது. தலைவரின் ஆள் சைக்கிளை நிறுத்தி வரப்பிலிருந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனான். சினி சீட்டியடித்தான்.

நுகத்தை அவிழ்க்கும்போது கோஜி கேட்டான்.

"மிச்சம் எங்க வச்சிருக்கே?"

"எதுக்கு? தூக்கிப் போடவா?"

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தான். ஏற்கெனவே முதுகுத் தண்டில் மெல்லிய குளிர் ஒன்று ஏறத் தொடங்கியிருந்தது. நாளைக் காலையில் அது எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"விதைப்பு முடியட்டும்," என்றான்.

விதைப்புக்குப் பிறகு களையெடுப்பு வரும், அதற்குப் பிறகு பருத்தி எடுப்பு. அது இரண்டு பேருக்கும் தெரியும். குவரும்பா பிள்ளையை முதுகில் கட்டினாள். பிறகு மிச்சம் எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.